மருமகன் போட்ட மேல்பூச்சு

அத்தியாயம் 14

"தோண்டாண்டாம் மாமா. மேல மூடினாப் போதும்."

கல்யாணமாகி நான்கு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்த மருமகன் மாமனாரிடம் முதல்முதலாகப் பேசியது இதுதான். சொன்ன நேரமும் நல்ல நேரமில்லை. நெல் ஏற்றிய லாரியின் பின்சக்கரம் வண்டிப்பாதையில் முழங்கால் ஆழம் இறங்கிக் கிடக்க, யோவான் இடுப்பில் கைவைத்து ஊரையே ஏசிக்கொண்டிருந்த நேரம்.

அது போன புதன்கிழமை.

வடசேரியிலிருந்து பூதப்பாண்டி போகிற ரோட்டில் யோவானின் ரைஸ் மில்லைத் தெரியாதவர்கள் கிடையாது. ரோட்டோரத்துக் கேட்டில் தொடங்கி, வீட்டை ஒட்டிச் சரிந்து இறங்கி, மில் வாசல் வரைக்கும் நூற்றிருபது அடி நீளத்துக்கு ஒரு வண்டிப்பாதை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரிய ரோட்டுக்குத் தார் போட்டபோது, அதே சூட்டோடு சூடாகத் தன் வீட்டுப் பாதைக்கும் போட்டுக்கொண்டார் யோவான். வீட்டுக்கு உள்ளே தார் ரோடு என்பது அந்த வட்டாரத்தில் அதுதான் முதல். கல்யாணத்துக்குச் சொல்ல வந்த ஒரு குடும்பம், செருப்பைக் கேட்டிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்து வந்தது. அந்தக் கதையை யோவான் இன்றைக்கும் சொல்லுவார்.

இப்போது அந்தப் பாதை வெளுத்து, வெடித்து, லாரி நிற்கிற இடத்தில் எண்ணெய் குடித்துக் களியாகிக் கிடந்தது. சக்கரம் இறங்கிய அன்றே அவர் மகன் ஜான்ரோஸ் முடிவு கட்டிவிட்டான். அவனுடைய சேக்காளி சுடலையாண்டி ஒரு காண்டிராக்டர். திங்கட்கிழமை காலை ஆள்களோடு வந்து பாதை முழுவதையும் கொத்திப் பெயர்த்துவிட்டு, புதிதாகப் போடுவான். அதைச் சொல்லிவிட்டு, சரக்கை இறக்கி லாரியை மீட்டதும் பூதப்பாண்டியில் தங்கி விதைநெல் பொறுக்கி எடுக்கப் போய்விட்டான் ஜான்ரோஸ்.

அந்த ஏற்பாட்டுக்கு நடுவில்தான் ஆபேல் வாயைத் திறந்தான்.

மிஷன் பள்ளியில் பத்தாவது வரை படித்து, ஆங்கிலம் பேசி, வேதக்கோவிலில் ஹார்மோனியம் வாசித்த தன் மகள் தேவகனி, ரோடு வேலை செய்கிற ஒரு மேஸ்திரியைத்தான் கட்டுவேன் என்று நின்றதை யோவான் இன்னும் மறக்கவில்லை. கல்யாணத்துக்கு அவர் போகவும் இல்லை. புனலூர்ப் பக்கத்து மலை ரோட்டில் குடிசை போட்டு அவர்கள் வாழ்ந்தார்கள் என்று கேள்வி. மனைவி நேசம்மாள், மகளைப் பார்க்காமல் கண் மூடிவிடுவேனோ என்று அழுது எழுதிய கடிதத்தால் இப்போது பத்து நாள் விருந்தாக வந்திருந்தார்கள். வந்த நாள் முதல் யோவான் மருமகனைப் பேர் சொல்லியும் கூப்பிட்டதில்லை, முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. "அந்த ஆளு சாப்பிட்டாச்சா?" என்பார், அவ்வளவுதான்.

"மூடினாப் போதுமா? சக்கரம் எறங்கிக் கெடக்கு, கண்ணு தெரியேலயா?" என்று அன்றைக்கு யோவான் சீறினார்.

ஆபேல் கோபப்படவில்லை. ஒரு கம்பிப்பாரையை எடுத்துக்கொண்டு மில் வாசலில் இருந்து கேட்டு வரைக்கும் பாதையைத் தட்டிக்கொண்டே போனான். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்டான். சில இடத்தில் 'டங்' என்றது. சில இடத்தில் சத்தம் அமுங்கிப் போனது. அமுங்கிய இடத்திலெல்லாம் சுண்ணாம்பால் வட்டம் போட்டான். மொத்தம் பதினோரு வட்டம்.

"இந்தப் பதினோரு எடமும் செத்துப்போச்சு மாமா. பாக்கி பூரா நரைச்சிருக்கு, அவ்வளவுதான். சாகல்ல."

யோவான் அவனையும் வட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஞாயிறு வேல கூடாது. திங்கக்கிழம காண்டிராக்டர் வாறான். அதுக்கு முன்னால முடிக்கணும். முடியுமா?"

"மழ விட்டா முடியும்."

வியாழனும் வெள்ளியும் அவன் அந்தப் பதினோரு இடத்தையும் சதுரமாக வெட்டி, அழுகியதை அள்ளி, சரளையும் தாரும் போட்டுத் திம்மிசுக்கட்டையால் இடித்து இறுக்கினான். எண்ணெய் குடித்த இடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தான், சுரண்டினான், மறுபடி தேய்த்தான். நூல் போல் ஓடிய வெடிப்புகளைக்கூட விடவில்லை. கம்பியால் கிளறித் தூசியை எடுத்து, காய்ச்சிய தாரைக் கெண்டியால் சன்னமாக ஊற்றி அடைத்தான்.

இனி மேலே ஒரு பூச்சு. அதற்குத்தான் சனிக்கிழமை.

*

வெள்ளி இரவு ஐப்பசி மாதத் துலா மழை கொட்டித் தீர்த்தது. சனிக்கிழமை விடிந்தபோது வானம் வெளுத்திருந்தாலும் பாதை ஈரமாக இருந்தது.

ஏழு மணிக்கு யோவான் வெளியே வந்தார். கேட்டுப் பக்கத்தில் கல் அடுப்பின்மேல் தார் பீப்பாய் தயாராக இருந்தது. விறகு அடுக்கியிருந்தது. தீ இல்லை. ஆபேல் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

எட்டு மணிக்கு வந்து பார்த்தார். அப்படியே உட்கார்ந்திருந்தான்.

ஒன்பது மணிக்கு அவரால் தாங்க முடியவில்லை.

"மத்தியானம் திரும்பினா மழ வந்துரும். இன்னும் தீ மூட்டாம என்ன இருப்பு இது?"

ஆபேல் எழுந்து நின்றான். பாதையில் மூன்று இடத்தில் பழைய பத்திரிகைத் தாளை விரித்துக் கல் வைத்திருந்தான். ஒரு கல்லைத் தூக்கித் தாளை எடுத்து மாமனாரிடம் நீட்டினான். தாளின் அடிப்பக்கம் சில்லென்று நனைந்திருந்தது.

"மேல காஞ்ச மாதிரித் தெரியும் மாமா. உள்ள இருந்து ஈரம் வந்துகிட்டிருக்கு. இப்பம் பூசினா பாக்க நல்லா இருக்கும். கிறிஸ்துமஸுக்குள்ள தோலு தோலா உரிஞ்சிரும்."

"மழ வந்துட்டா?"

"வந்துட்டா இன்னைக்குப் பூச முடியாது. ஈரத்துல மட்டும் பூசமாட்டேன்."

யோவானுக்கு எரிச்சல் வந்தது. ஆனால் வீட்டுக்குள் போகிறபோது அவர் அந்தத் தாளைக் கையிலேயே வைத்திருந்தார். மில்லில் நெல் அவிக்கிற ஆள்களிடம் அவரும் இதையேதான் சொல்லுவார். காயாத நெல்லை மிஷினில் போட்டால் நொறுங்கிப் போகும், அவசரப்படாதே என்று. இவன் தாரை வைத்து அதையே சொல்கிறான்.

பத்து மணிக்குத் தாள் உலர்ந்து வந்தது. தீ மூண்டது.

அப்போதுதான் ஒரு சங்கடம். புனலூரில் ஆபேலோடு வேலை செய்த இரண்டு பேரை வரச் சொல்லியிருந்தான். ஒருவன் மட்டும் வந்து நின்றான். மற்றவனுக்குக் காய்ச்சல்.

"ஊத்துகதுக்கு நான். மணல் போடுகதுக்கு இவன். தேய்க்க ஆளு வேணுமே" என்றான் ஆபேல்.

"மில் ஆளை ஒருத்தனைக் கூப்பிட்டாப் போச்சு" என்றார் யோவான்.

"பழக்கம் இல்லாதவன் தேய்ச்சா திட்டுத் திட்டா நிக்கும் மாமா."

"நான் தேய்க்கேன்" என்று ஒரு குரல் வந்தது.

தேவகனி. சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தாள். தலையில் துண்டு. இரண்டு காலிலும் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தாள். கையில், நீளக் கம்பு கட்டிய தும்பு வாரியல், தார் தேய்க்கிற துடைப்பம்.

அடுக்களை வாசலில் இருந்து நேசம்மாள் அலறினாள். "ஏட்டி! ஒனக்குப் பைத்தியமா? ஊரு பாத்தா என்ன சொல்லும்?"

"ஊரு இந்த ரோட்டுலயா அம்மா நடக்கப் போவுது?"

 யோவானின் முகம் கறுத்தது. ஹார்மோனியம் வாசித்த கை. அதில் வாரியல். அவர் திரும்பி முன்வாசலில் கிடந்த சாய்வு நாற்காலியில் போய் விழுந்தார். பார்க்கக்கூடாது என்று கண்ணை மூடினார்.

தார் வாசனை வந்தது. கண்ணைத் திறந்தார்.

*

ஆபேல் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு குச்சியைத் தோய்த்துத் தூக்கினான். தார் கயிறு போல் கனமாக இறங்கியது. இன்னும் கொஞ்சம். மறுபடி தூக்கினான். இப்போது எண்ணெய் போல் சொட்டியது. உடனே இரண்டு விறகை வெளியே இழுத்துப் போட்டான்.

"நீலப் புகை வந்தா கருகிப்போச்சுன்னு அர்த்தம். பொறவு அதுல பசை இருக்காது" என்று உதவியாளிடம் சொன்னான்.

மில் வாசலில் தொடங்கி மேல்நோக்கி வந்தார்கள். ஆபேல் பூவாளியில் தாரை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தபடி ஊற்றினான். அவன் கால் அடுத்து எங்கே வரும் என்று தேவகனிக்குத் தெரிந்திருந்தது. அவன் பூவாளி வலப்பக்கம் போனால் அவள் வாரியல் இடப்பக்கம் இழுத்தது. அவன் நின்றால் அவளும் நின்றாள். ஒரு வார்த்தை கிடையாது. ஒரு இடத்தில் தார் கொஞ்சம் அதிகமாக விழுந்தது. அவன் வாய் திறப்பதற்குள் அவள் அதை வழித்து முன்னால் தள்ளிவிட்டாள். பின்னாலேயே ஆற்று மணல் விசிறிக்கொண்டு வந்தான் உதவியாள்.

வெளுத்துக் கிடந்த பாதை அவர்களுக்குப் பின்னால் கறுப்பாக, ஒரே சீராக, மில் வாசலில் இருந்து வளர்ந்து வந்தது.

யோவான் எப்போது எழுந்தார், எப்போது பாதையோரத்துக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. நாற்பது வருஷம் ஆள் வைத்து வேலை வாங்கியவர். வேலைக்காரன் எவன், வேலை தெரிந்தவன் எவன் என்று பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார். இது அவர் எதிர்பார்க்காத வேலை. ஒரு கையளவு தாரைக்கூட வீணாக்காத வேலை.

மகளைப் பார்த்தார். முகமெல்லாம் வேர்வை. கன்னத்தில் ஒரு கறுப்புத் துளி. அந்த நான்கு வருஷமும் அவள் குடிசையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

பாதி தூரம் வந்ததும் பூவாளியைக் கீழே வைத்தான் ஆபேல். நேசம்மாள் செம்பில் மோர் கொண்டுவந்தாள். மருமகனுக்கு முதலில் கொடுத்தாள். மகளிடம் செம்பை நீட்டும்போது, "சாவப் போற, வெயில்ல" என்று ஏசினாள். அப்படியே முந்தானையால் கன்னத்துக் கறுப்பைத் துடைக்கப் போனாள். அது போகவில்லை.

"மண்ணெண்ணெ தொட்டுத்தான் போவும் அம்மா."

யோவான் ஆபேலிடம் வந்தார். தொண்டையைச் செருமினார்.

"இவ்வளவு சன்னமாப் பூசினா தாங்குமா? கொஞ்சம் கட்டியா விட்டா என்ன?"

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்காவ மாமா. கட்டியா விட்டா வெயிலுக்கு எளகி சக்கரத்தோட வந்துரும். ரோட்டத் தாங்குகது அடியில கெடக்க கல்லு. இந்தப் பூச்சு கல்லுக்குக் குடை. மழத்தண்ணி உள்ள எறங்காம, வெயிலு தாரத் தின்னாம பாத்துக்கிடும். ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்க இப்படிச் செய்தா போதும். நீங்க போட்ட ரோட்டுக்க அடி நல்ல அடி. தோண்டினா பாவம்."

நல்ல அடி. மூன்று வருஷத்துக்கு முன்னால் கல்லைப் பரப்பியபோது யோவான் தானே நின்று ஒவ்வொரு வண்டிக் கல்லையும் பார்த்து வாங்கினார். அதை இன்று வரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"எங்க படிச்சீரு இதெல்லாம்?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான், 'நீரு' என்று மரியாதை சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது.

"யுத்தத்துல ரோடு வேலைக்கு எடுத்தாவ. அங்கண ஒரு எஞ்சினியர் காட்டித் தந்தாரு" என்றான் ஆபேல். பூவாளியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

*

இரண்டு மணிக்கு மேற்கே மலைக்குமேல் மேகம் ஏறியது.

முக்கால் பங்கு முடிந்திருந்தது. கேட்டுப் பக்கம் இன்னும் முப்பது அடி. அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஹார்ன் சத்தம்.

ஜான்ரோஸ் லாரியோடு வந்துவிட்டான். பூதப்பாண்டியில் ஏற்றிய நாற்பது மூட்டை நெல். கேட்டுக்கு நேராக லாரியை ஒடித்து நிறுத்தி ஹார்னை அழுத்தினான். குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஆபேல் நின்றான்.

"அத்தான், கயத்த அவுரும்."

"முடியாது மக்கா. தார் இன்னும் எறுகல்ல. லாரி எறங்கினா எல்லாம் சக்கரத்துல ஒட்டி வந்துரும்."

ஜான்ரோஸ் கீழே குதித்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். கறுப்பாக மினுங்கும் பாதையையும், வாரியலோடு நிற்கும் அக்காவையும் பார்த்தான். அவன் முகம் சிவந்தது.

"இது யாரு சொல்லி நடக்குது? திங்கக்கிழம சுடலையாண்டி வாறான்னு சொல்லிட்டுத்தானே போனேன்? நான் ஊருல இல்லாத நேரம் பாத்து... மழ கெட்டியிருக்கு, மேல கெடக்குகது நெல்லு. நனைஞ்சா முளைச்சுப் போவும். மேஸ்திரி, கயத்த அவுரும்!"

அத்தான் ஒரே மூச்சில் மேஸ்திரி ஆகிவிட்டார்.

ஆபேல் நகரவில்லை. மாமனாரைப் பார்த்தான். "நெல்லு ஒங்களுக்கு. ரோடும் ஒங்களுக்கு. நீங்க சொல்லுங்க மாமா. அவுக்கச் சொன்னா அவுக்கேன்."

எல்லோரும் யோவானைப் பார்த்தார்கள்.

யோவான் மேகத்தைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். முதல் போகமான கன்னிப்பூ அறுவடை நெல், விதைக்கென்று பொறுக்கி எடுத்தது. அவர் வாழ்க்கையில் நெல்லுக்கு முன்னால் எதையும் வைத்ததில்லை.

"லாரியத் திருப்பி ரோட்டோரம் நிறுத்து" என்றார் மகனிடம்.

"அப்பா!"

"மாப்பிள சொல்லுகது கேட்டியா இல்லியா? மூணு நாளா முதுகு ஒடிஞ்சு செய்த வேல. ஒரு சக்கரம் எறங்குகதுக்கு நான் சம்மதிக்கமாட்டேன்."

தேவகனியின் கையில் வாரியல் அசையாமல் நின்றது. நேசம்மாள் அடுக்களை வாசலில் இருந்து முற்றத்துக்கு இறங்கி வந்தாள். மாப்பிள! சொன்னவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அப்பம் நெல்லு?" என்று கத்தினான் ஜான்ரோஸ்.

அதற்கும் யோவான் வழி கண்டுவிட்டார். ஆனால் அந்த வழி அவருக்குக் கசப்பான வழி. வேலிக்கு அந்தப் பக்கம் ரசலையனின் தென்னந்தோப்பு. அதன் வழியாகப் போனால் மில்லின் பின்வாசல். ஆறு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. வேலிக்கல் ஒரு முழம் இந்தப் பக்கம், ஒரு முழம் அந்தப் பக்கம் என்ற சண்டை. கோவிலில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடுவார்கள், முகம் பார்க்கமாட்டார்கள்.

யோவான் மேல்துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நேராக ரசலையன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"ரசலையா, ஒரு உதவி. நாப்பது மூட்ட. ஒமக்க தோப்பு வழியா எடுத்துக்கிடட்டா?"

ரசலையன் வாயில் வெற்றிலை. துப்பிவிட்டுக் கேட்டார்.

"என்னடே, ஒனக்க ரோட்டுக்கு என்ன?"

"மருமவன் தார் பூசியிருக்காரு. காயல்ல."

"அதாக்கும் மத்தியானத்துல இருந்து வாசன" என்றார் ரசலையன். வேலிப்படலை அவரே தூக்கி ஓரமாக வைத்தார்.

மில் ஆள்கள் ஓடிவந்தார்கள். மூட்டைகள் தலை தலையாகத் தோப்புக்குள் நுழைந்தன. ஜான்ரோஸ் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அவனும் ஒரு மூட்டையைத் தோளில் போட்டான். கோபத்தில் இரண்டு ஆள் வேலை செய்தான்.

கடைசி மூட்டைக்காக அவன் லாரிக்கு வந்தபோதுதான் முதல் துளி விழுந்தது. பெரிய துளி. தூறல்தான், ஆனாலும் கொதிக்கிற தார் பீப்பாய்க்குள் விழுந்தது.

பீப்பாய் சீறியது. தார் நுரைத்துக்கொண்டு மேலே எழும்பியது.

"தள்ளிப் போ!" என்று தேவகனியைத் தள்ளிவிட்டு ஆபேல் பாய்ந்தான். நீளக் கம்பால் எரிகிற விறகுகளை வெளியே இழுத்தான். நுரை விளிம்பைத் தொட்டுவிட்டது. வழிந்து தீயில் விழுந்தால் அங்கே நிற்கிற லாரியும் மிஞ்சாது. "தகரம்! ஏதாவது தகரம்!"

ஜான்ரோஸ் யோசிக்கவில்லை. மூட்டையை விட்டுவிட்டுக் கேட்டில் கம்பியால் கட்டியிருந்த மில்லின் பேர்ப்பலகையைப் பிடித்து ஒரே இழுப்பில் பிய்த்தான். பெரிய தகரப் பலகை. இரண்டு கையாலும் தூக்கிப் பீப்பாய்மேல் கவிழ்த்தான். 'யோவான் ரைஸ் மில்' என்ற எழுத்தின் ஓரம் புகைந்தது.

நுரை அடங்கியது.

ஆபேல் மூச்சு வாங்கினான். "கை பொள்ளிச்சா மக்கா?"

"இல்ல" என்றான் ஜான்ரோஸ். உள்ளங்கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டான். "ஒமக்கு?"

"எனக்கு இது பழக்கம்."

ஜான்ரோஸ் கடைசி மூட்டையை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போனான். போகிறபோது அப்பாவின் காதில் விழும்படி, "திங்கக்கிழம சுடலையாண்டிக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்று கேட்டுக்கொண்டே போனான்.

*

தூறல் பத்துத் துளியோடு நின்றது. வெயிலில் காய்ந்திருந்த பாதை அதை உறிஞ்சி உடனே உலர்ந்தது. ஆனாலும் ஆபேல் தாளை வைத்துப் பார்த்த பிறகுதான் மீண்டும் பூவாளியை எடுத்தான். இந்த முறை யோவான் அவசரப்படுத்தவில்லை. ஆபேல் கேட்காமலேயே மணல் இருந்த கடவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு உதவியாளுக்குப் பின்னால் நடந்தார். விதை விதைக்கிற கை, மணலும் அதிலிருந்து சீராகத்தான் விழுந்தது.

"அப்பா, கொஞ்சம் கொறச்சுப் போடுங்க" என்றாள் தேவகனி.

"எனக்குத் தெரியும்ட்டி" என்றார். குறைத்துத்தான் போட்டார்.

நாலரை மணிக்குக் கடைசி அடியும் முடிந்தது. ஐந்தேகாலுக்கு மழை வந்தது.

யோவான் குடையை விரித்துக்கொண்டு, கேட்டுக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். யாராவது தெரியாமல் உள்ளே கால் வைத்துவிடுவார்களோ என்று பயம். ரைஸ் மில் முதலாளி தன் வீட்டுக்குத் தானே காவல்காரனாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ரோட்டில் போகிற வண்டிக்காரர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். அவருக்கு அது உறைக்கவில்லை. பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் வரை மழை பெய்தால் தண்ணீர் வெடிப்புகளில் மறைந்து போகும். எங்கே போகிறது என்று தெரியாது. இன்றைக்கு ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. கறுப்பின்மேல் மணிமணியாக உருண்டது, சேர்ந்தது, ஓரத்து ஓடைக்கு ஓடியது. நூற்றிருபது அடியும் அப்படித்தான். கீழே மில் வாசலில் ஆபேலும் தேவகனியும் ஒரே சாக்கைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒட்டுப்போட்ட இடங்களில் தண்ணீர் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளை கோவிலில் ரசலையனிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று யோவான் நினைத்தார். மருமவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

சைக்கிள் ஒன்று வந்து நின்றது. நனைந்த காக்கிச் சட்டை. தந்தி ஆபீஸ் ஆள்.

"யோவான் மொதலாளி வீடுதானே? தந்தி."

யோவான் நாற்காலியை விட்டு எழுந்தார். தந்தி என்றால் சாவு என்றுதான் ஊர்ப் பழக்கம். கையெழுத்துப் போட்டு வாங்கினார். குடைக்குள் குனிந்து, உறையின் மேலே என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் பிரித்தார்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியும். தந்தியில் அதிகம் இல்லை. விமானம் இறங்குகிற தளம் ஒன்றுக்கு ரோடு வேலை. மேஸ்திரிகளுக்கெல்லாம் தலைமை மேஸ்திரி உத்தியோகம். மூன்று வருஷம். வீடு உண்டு, குடும்பத்தோடு வரலாம். இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் வந்து சேராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். அனுப்பிய இடம் அஸ்ஸாம். அனுப்பியவர் ஒரு எஞ்சினியர்.

பெற வேண்டியவர்: ஆபேல்.

யோவான் இரண்டாம் முறை படித்தார். இருபதாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள். ரயிலில் அங்கே போக ஐந்து நாளாவது ஆகும்.

சரிவின் கீழே மருமகன் நிமிர்ந்து நின்றான். இங்கிலீஷ் தெரியாதவன். பக்கத்தில் நின்ற மகளுக்கு நன்றாகத் தெரியும். யோவான்தான் படிக்க வைத்தார்.

சைக்கிள் திரும்பிப் போகிற சத்தம் கேட்டு அவள் கையால் மழையை மறைத்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

"யாரு அப்பா அது? தந்தியா?"

யோவான் அந்தக் காகிதத்தை நாலாக மடித்தார். சட்டையின் உள்பைக்குள் வைத்தார். நனையக்கூடாதென்று மேலே கையை வைத்துக்கொண்டார்.

"எனக்குத்தான் மக்களே. நெல்லு வெல சமாச்சாரம்."

மழைச் சத்தத்துக்கு மேலே, சரிவின் கீழிருந்து அவள் குரல் தெளிவாக வந்தது.

"நெல்லு வெலைக்கு யாரு அப்பா தந்தி அடிக்கா?"